உப்போடைப்பட்டியில் தண்ணீர் நுரைத்த வருஷம்

உப்போடைப்பட்டியில் குடிதண்ணீர் சோடாவாக மாறத் தொடங்கியது ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கோயில்பிள்ளை வாத்தியார் வீட்டு எவர்சில்வர் குடத்தில்தான் முதலில் என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். வேறு எந்த விஷயத்திலும் இரண்டு பேர் ஒத்துப்போகாத ஊர் இது. வாத்தியார் மனைவியைப் பறிகொடுத்து, இரண்டு மகள்களையும் சென்னைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்று அறை வீட்டில் ஒரே ஒரு அறையை மட்டும் பெருக்கிக்கொண்டு வாழ்ந்தவர். அன்று காலை பத்து மணிக்கு மாத்திரை போடுவதற்காகக் குடத்து மூடியைத் தூக்கினார், மூடி புஸ்ஸென்றது. உள்ளே தண்ணீர் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழாக விட்டுக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் மொண்டு மாத்திரையை விழுங்கினார், மூக்கில் சுருக்கென்று ஏறியது, நல்லதாக ஒரு ஏப்பம் வந்தது, மூன்று நாளாக நெஞ்சில் நின்றிருந்த வாயு இறங்கியது. அவர் ஆச்சரியப்படவில்லை. பஞ்சாயத்தில் புதிதாக ஏதோ மருந்து கலக்குகிறார்கள் என்று நினைத்து, இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்தார்களே என்று பாராட்டி ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார்.

எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வரும், வந்ததைப் பிடித்து மூடி வைத்து அடுத்த நாலு நாளும் குடிப்போம். அதனால் ஒரே குழாயில் ஒரே வரிசையில் பிடித்த தண்ணீர் ஒரு வீட்டில் நுரைத்து அடுத்த வீட்டில் சும்மா கிடந்தபோது, குழாயைக் குறை சொல்ல வழியில்லாமல் போனது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாய் அகன்ற வாளி ஒன்றில் தண்ணீரை எடுத்து ஜீப்பின் பின்னால் வைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டர் குலுங்கிக் குலுங்கிப் போனார். போய்ச் சேர்ந்தபோது அது வெறும் தண்ணீர். தண்ணீரில் குறை எதுவும் இல்லை என்று முத்திரை குத்திய காகிதம் வந்தது, பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினோம், அதற்குப் பிறகும் தண்ணீர் நுரைத்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது சுடலைமுத்து டீக்கடை பெஞ்சில்தான். வாத்தியார் வீடு, ரயில்வே கேட்டில் தனியாக இருக்கிற காவலாளி வீடு, நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து மாடி அறையில் குடியிருக்கிற நர்ஸம்மா வீடு என்று நுரைக்கிற வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் நடுவில் நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச ஆள் இல்லாத வீட்டில்தான் தண்ணீர் நுரைக்கிறது. கண்டுபிடித்தது சரிதானா என்று கேட்டுவர, இந்த விஷயத்தில் ஊரிலேயே விவரம் தெரிந்த ராஜகனி அண்ணாச்சியிடம் போனோம்.

ராஜகனி சோடா கம்பெனி என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கும். கம்பெனி என்றால் ஒரு முன்னறை, ஒரு மெஷின், ஒரு ஆள். அந்த ஆளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். முன்னறை மூலையில் ஆள் உயர கேஸ் சிலிண்டர் ஒன்று நிற்கும், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு மாலை போடுவார். சுற்றுவட்டாரத்தில் அவர் சோடாவுக்குத் தனிப் பேர் உண்டு. கோவில்பட்டிச் சோடாவெல்லாம் நாக்கோடு நின்றுவிடும், ராஜகனி சோடா நெஞ்சு வரைக்கும் போய் அங்கே இருப்பதைக் கிளப்பிக்கொண்டு வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்கமாட்டார், ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். தாராள மனசு என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எல்லோருக்கும் ஒரு சோடாவைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

“சோடாவுல அடைக்கிறது சும்மா காத்து இல்ல. காத்து தண்ணியோட ஒட்டாது, அடைச்சாலும் நிக்காது. இது வேற கேஸ். தண்ணியில கரையும், கரைஞ்சு லேசாப் புளிக்கும். நாக்குல சுருக்குன்னு வாரது அந்தப் புளிப்புதான். கிருமியச் சேர விடாது, அதனால தண்ணி சீக்கிரம் கெடாது. ஆனா அது உள்ள இருக்கணும்னா குளிர்ச்சி வேணும், மேல அமுக்கம் வேணும். மூடி இருக்க வரைக்கும் சத்தமில்லாம அடங்கிக் கெடக்கும். தொறந்தா போயிரும்.”

அந்த கேஸ் எங்கேயிருந்து வருகிறது என்று நர்ஸம்மா கேட்டார், அவருக்குத் தெரியாமல் இல்லை.

“கம்பெனிக்கு சிலிண்டர்ல வருது. மத்தபடி, நம்ம எல்லார் மூக்குல இருந்தும் வாரது அதே கேஸ்தான்” என்று சொல்லிவிட்டு ராஜகனி காலி பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே முடித்துக்கொண்டோம். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தர் விடுகிற மூச்சை இன்னொருத்தர் பேச்சு கலைத்துவிடுகிறது, சண்டை கலைத்துவிடுகிறது, ‘ஏய் அந்தக் கரண்டியை எடு’ என்கிற சத்தம் கலைத்துவிடுகிறது. கலைக்க ஆள் இல்லாத மூச்சு போக்கிடம் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி, கடைசியில் மூடிய குடத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. ஆனால் எங்கள் ஊருக்குப் பொருத்தமாக இருந்தது, ஏற்றுக்கொண்டோம்.

முதல் ஒரு மாதம் கொண்டாட்டம்தான். வாத்தியார் வீட்டுத் தண்ணீரில் பஜ்ஜி மாவு கரைத்தால் பஜ்ஜி உப்பி வருகிறது என்று சுடலைமுத்து தினமும் ஒரு தூக்குவாளியோடு போய் நின்றார். வயிற்று வலிக்காரர்கள் ரயில்வே கேட்டுக்கு நடந்தார்கள். அதற்குள் இன்னொரு விவரம் மெல்லப் புரிந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். இனிமேல் தண்ணீர் கொடுக்கிற வீடு தன் வயிற்றில் இருப்பதையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பெண்கள் விடிந்ததும் குடத்து மூடியைத் திறந்து அகப்பையால் கால் மணி நேரம் கலக்கினார்கள். சில பேர் கொதிக்கவைத்து ஆற்றினார்கள். சில பேர் தண்ணீர் என்ற பேச்சே வராமல் எடுத்த எடுப்பில் மோர் கொண்டுவந்தார்கள்.

நாங்களும் நாகரிகம் தெரிந்தவர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றோம். அந்தப் பொய் எத்தனை நாளைக்கு ஓடும்? பிறகு, அவர்களை எதற்கு வீணாகச் சங்கடப்படுத்த வேண்டும் என்று, நுரைக்கிற வீடுகளுக்குப் போவதையே விட்டோம். அதன் பிறகு, தங்கள் வீட்டிலும் நுரைக்கிறதா என்று பார்க்கத்தான் நாங்கள் வருகிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்களோ என்று மற்ற வீடுகளுக்குப் போவதையும் விட்டோம். எல்லாம் மரியாதைக்காகத்தான். ஐப்பசி முடிவதற்குள், நண்பகலில் தெருவில் நடந்தால் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எவர்சில்வர் மூடிகள் லேசாகத் தடதடப்பது கேட்கும். மழை வரப்போகிறதோ என்று வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

கார்த்திகையில் பூரணத்தம்மாள் வீட்டில் நுரைத்தது. அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பூரணத்தம்மாள் ஊரிலேயே நிறைந்த வீட்டுக்காரர். புருஷன் போனபிறகு மூன்று மகன்களை ஆளாக்கி, இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் இரண்டு, கொழுந்தன் ஒருவர் என்று ஒன்பது உருப்படிகளை ஒரே உலையில் பொங்கிப்போட்டு நடத்துகிறவர். அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு தேங்காய் உடையாது. கடைசி மகனுக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, மூத்த மருமகள் சீனியம்மாள் தண்ணீர் மொள்ளப் போய் மூடியைத் திறக்க, அது கூடம் முழுக்கக் கேட்கும்படி புஸ்ஸென்றது. வந்தவர்கள் மரியாதையாகக் குடித்தார்கள், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள், மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

சந்தேகம் சீனியம்மாள் மேல் விழுந்தது. அவள் புருஷன் லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். உனக்கு இந்த வீட்டில் என்ன குறை வைத்தோம் என்று பூரணத்தம்மாள் கேட்டார். குறை இல்லை என்று சீனியம்மாள் சொன்னாள். குறை இல்லாமலா தண்ணீர் நுரைக்கிறது என்று மறுபடி கேட்டார். லாரி திரும்பி வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் சோதித்துப் பார்ப்பது, யார் தண்ணீர் நுரைக்கிறதோ அவர்களால்தான் வீட்டுக்குக் கெட்ட பெயர், மருமகள் என்றால் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டியது என்று முடிவானது. சீனியம்மாள் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்துவிட்டாள்.

சோதனை இப்படி: எங்கள் பக்கம் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்போம், சீர் வந்த டம்ளர் என்றால் அதில் அவரவர் பெயர் இருக்கும். அவரவர் டம்ளரில் அவரவர் கையால் தண்ணீர் ஊற்றித் தட்டால் மூடி, ஒரு ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லா டம்ளரும் கூடத்தில் வரிசையாக இருந்தன. சாட்சிக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போயிருந்தோம். மரியாதைக்காக வீடுகளுக்குப் போகாதவர்கள், வேடிக்கை என்றதும் போய்விட்டோம். தீர்ப்புச் சொல்ல, பின்சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி வைத்திருக்கிற ராஜகனியை அழைத்திருந்தார்கள்.

அவர் ஒவ்வொரு தட்டாக எடுத்தார், காதை வைத்துக் கேட்டார், ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். சீனியம்மாள் டம்ளர் ஐந்தாவது. அதைத் தொட்டபோது அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். வெறும் தண்ணீர். எப்படி நுரைக்கும், அவள் செல்போனில் புருஷனோடு பேசுவாள், புருஷன் எடுக்காவிட்டால் கோழியோடு பேசுவாள், கோழியும் இல்லாவிட்டால் கிரைண்டரைத் திட்டுவாள். ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் வெறும் தண்ணீர்.

ராஜகனி நிமிர்ந்தார். எட்டு டம்ளர், ஒன்பது பேர். உப்போடைப்பட்டியில் எண்ணத் தெரியாதவர்கள் கிடையாது, ஆனால் பூரணத்தம்மாளை யாரும் எண்ணுவதில்லை. அவர் எண்ணுகிற இடத்தில் இருப்பவர். ராஜகனி அவரைப் பார்த்தார். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி வேர்த்திருந்தது. அப்புறம் யாரால்தான் நுரைக்கிறது என்று லாரிக்கார மகன் டம்ளர்களை விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தான். நாலு வரைக்கும் எண்ணினான்.

“என்னோடதுதான்” என்றார் ராஜகனி. “சுவர் ஒண்ணுல்லா. இந்தப் பக்கம் வந்திருக்கு. வாங்க, காட்டுதேன்.”

கூட்டம் எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் பின்னால் போனது. முன்னறை மூலையில், சந்தனம் காய்ந்து உதிர்ந்த சிலிண்டருக்கு முன் நின்று, அதன் வாயைத் திருகினார். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் திருகினார், முழுக்கத் திறந்துவிட்டார், ஒரு தூசிகூடப் பறக்கவில்லை. பிறகு பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் மண்பானையின் மூடியை எடுத்தார். அது புஸ்ஸென்றது என்று சொன்னால் குறைவு. எங்கள் எல்லோர் முகத்திலும் தெறித்தது.

அப்போது நின்றபடியே, ஊருக்குப் பாதி தெரிந்த கதையைச் சொன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு, குழம்பில் உப்பு கூடியதற்கு அவர் ஏதோ சொல்லப்போய், அவர் மனைவி செல்லக்கனி தாய்வீட்டுக்குப் போனார். போனவள் தானே வரட்டும் என்று இவர் இருந்தார். வந்து கூப்பிடட்டும் என்று அவர் இருந்தார். அந்த மாசியில் சிலிண்டர் தீர்ந்தது, புதுசு எடுக்கக் கோவில்பட்டிக்குப் போகிற வழியில்தான் செல்லக்கனி ஊர் என்பதால் இவர் பஸ் ஏறவில்லை. பானையைத் திறந்தால் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. அதையே பாட்டிலில் அடைத்தார், முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று நாங்கள்தான் சொன்னோம். பன்னிரண்டாம் வருஷம் செல்லக்கனி இறந்த சேதி வந்தது. அப்போது போனார், கூப்பிடத்தான் முடியவில்லை.

“அதுக்கப்புறம் கேஸ் இன்னும் காட்டமா ஏறிச்சு. சிலிண்டர் எடுக்க வேண்டிய தேவையே வரல” என்று முடித்தார்.

ஆக, பத்தொன்பது வருஷமாக எங்கள் கல்யாணங்களிலும் துக்க வீடுகளிலும், பிரியாணி தின்ற பிறகும், வெயிலில் நடந்து வந்த பிறகும், நாங்கள் உடைத்துக் குடித்து ஏவ் என்று ஏப்பம் விட்டது அந்த மனுஷனின் தனிமையைத்தான். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கோயில்பிள்ளை வாத்தியார்தான் முன்னால் வந்து, தம்பி எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடு என்றார். ராஜகனி வீட்டில் ஒருவர் தண்ணீர் கேட்டது அதுவே முதல் தடவை. பானையில் மொண்டு கொடுத்தார், வாத்தியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு நுரை அடங்கும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு குடித்தார். சீனியம்மாள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். ஊரே வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்டது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினால் கால் மணியில் நுரை அடங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதிலும் ராஜகனி வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர். அவருக்கே டம்ளர் போதவில்லை, புதிதாகப் பதினொன்று வாங்கினார். தை கடைசியில் அவர் பானை ஊமையாகிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து நிறைந்த சிலிண்டர் ஒன்றை வரவழைத்து முறைப்படி சோடா போட்டார். நாங்கள் குடித்துப் பார்த்தோம், பரவாயில்லை என்றோம், பாதியில் வைத்துவிட்டோம்.

சிக்கல் வந்தது அம்மனிடம். எங்கள் அம்மனுக்கு ஆடுகிறவர் டீக்கடை சுடலைமுத்துதான். ஆடி முடித்ததும் ராஜகனி சோடா ஒன்றை உடைத்துக் கொடுப்போம், ஒரே மடக்கில் குடித்து நீளமாக ஒரு ஏப்பம் விடுவார், அந்த ஏப்பத்தோடு அம்மன் மலையேறிவிடுவாள். இது பத்தொன்பது வருஷப் பழக்கம். மாசி வெள்ளியில் சிலிண்டர் சோடாவைக் கொடுத்தோம். அம்மன் மலையேறமாட்டேன் என்று மூன்று மணி நேரம் ஆடிச் சுடலைமுத்துவின் முழங்கால் வீங்கிவிட்டது. சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, அதில் ஒரு பகல் முழுக்க ஆடவேண்டும். என்ன செய்வது என்று கோயில் வாசலில் கூடிப் பேசினோம். யோசனை சொன்னவர் சுடலைமுத்துதான், ஆனால் தலையாட்டியது எல்லோரும். ராஜகனி வீட்டுக்கு ஊரில் ஒருவரும் போவதில்லை, அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மனுக்காக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் விரதம். அவர் மேல் கோபத்தினால் இல்லை, அவர் சோடா மேல் இருந்த பிரியத்தினால்தான்.

அவரிடமே போய்ச் சம்மதம் கேட்டோம். நாங்கள் என்ன கேட்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. அம்மனுக்கு என்றால் சரி என்றார். எல்லோரும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டோம். நாங்கள் படியிறங்கும்போது அவர் அந்தப் பதினொரு டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. விரதத்தின் ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, கையில் மஞ்சள் கயிற்றோடு, பூரணத்தம்மாள் பின்சந்துக் கதவைத் தட்டினார். ராஜகனி திறந்தார். உள்ளே வந்து பாட்டில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தண்ணி குடுங்க” என்றார்.

“சோடா கெட்டுரும்மா.”

“கெடட்டும்.” குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார். “எட்டுதான் வச்சேன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க அந்த வீட்டுல எப்படி இருப்பீக? ஒரு பொம்பள வீட்டவிட்டு ஒதுங்குனா அந்த வீடு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

அன்றிலிருந்து தினமும் வந்தார். தன் வீட்டைப் பற்றி அவர் சொன்னது இதுதான். பிள்ளைகள் எல்லோரும் தங்கமானவர்கள், ஒருத்தரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். என்ன குழம்பு வைக்க என்று கேட்பார்கள், சினிமாவுக்குப் போகவா என்று கேட்பார்கள், பிள்ளைக்குக் காது குத்த எந்த நாள் என்று கேட்பார்கள். இவர் சரி என்பார், அல்லது வேண்டாம் என்பார், அவர்கள் போய்விடுவார்கள். கேட்டு உத்தரவு வாங்கவேண்டியது எதுவும் இல்லையென்றால் அவரிடம் பேச யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார், அதனால் சாப்பிட்டீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை, புருஷன் இருந்த காலத்திலும் சரி. நாற்பத்து மூன்று நாளும் கிளம்பும்போது ராஜகனி அதைத்தான் கேட்டு அனுப்பினார்.

சித்திரை கடைசிச் செவ்வாய், மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. சுடலைமுத்து மேல் அம்மன் இறங்கி, வேப்பிலையோடு நாலு தெருவும் ஆடி, கோயில் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். ராஜகனி தள்ளுவண்டியில் அறுநூறு பாட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மேளத்தை நிறுத்தினார்கள், அந்தச் சத்தத்துக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் பாட்டிலை உடைத்தார்.

மூடி கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது.

அம்மன் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு பாட்டில் உடைத்தார்கள், இன்னொன்று. எல்லாம் வெறும் தண்ணீர். “என் தண்ணியில மூச்சு இல்லையே. எடுத்தது யாரு?” என்று அம்மன் கேட்டாள். கூட்டம் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்தது.

“யாரும் வரல தாயி” என்றார் ராஜகனி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு வயசாச்சு. கேஸ் நின்னுபோச்சு.”

“பொய் சொல்லுதாரு” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பூரணத்தம்மாள் கயிற்றை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “நான்தான் போனேன். தெனமும் போய்த் தண்ணி வாங்கிக் குடிச்சேன். எங்க வீட்டுக் குடத்துல நுரைச்சதும் என்னோடதுதான். அன்னைக்கு ஒம்பது பேருக்கு எட்டு டம்ளர் வச்சேன். மருமவள அனுப்பிட்டு நான் தப்பிச்சுக்கிடலாம்னு பாத்தேன். இவருதான் தன் தலையில போட்டுக்கிட்டாரு.”

மூன்று மகன்களும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். எப்போதும் ஏதாவது கேட்டே பழகிய பிள்ளைகளுக்கு இப்போது கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. சீனியம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம், திட்டியிருந்தாலும் தப்பில்லை. மாமியாரை மேலும் கீழும் பார்த்தாள். விடியற்காலையிலிருந்து கொடைக்கு ஓடி ஓடி அந்த அம்மாவின் உதடு வெடித்திருந்தது.

“அத்தை, நீங்க சாப்ட்டீகளா?” என்றாள்.

பூரணத்தம்மாள் முந்தானையால் உதட்டைத் துடைத்தார். “இல்ல தாயி” என்றார், சொல்லிவிட்டு அழுதார். மருமகள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சுடலைமுத்து மண்ணில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்; அம்மன் ஏப்பம் விடாமலே மலையேறியிருந்தாள். அறுநூறு பாட்டில் வெறும் தண்ணீரையும் நாங்களே குடித்தோம், அந்த வெயிலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் பூரணத்தம்மாளைப் பற்றியே பேசிக்கொண்டு கலைந்தோம். ராஜகனி தள்ளுவண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். சாப்பிட்டீரா என்று அவரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது பூரணத்தம்மாளை இரண்டு மருமகள்களும் நடுவில் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுகிறார்களாம், தெருவில் போனால் மூவர் சிரிப்பும் வெளியே கேட்கிறது. பகல் பதினொரு மணிக்கு அவருக்கு இப்போது வீட்டில் ஆள் இருக்கிறது, பின்சந்துப் பக்கம் வர நேரமில்லை. எங்களுக்கும் வேலை இருந்தது. முதலில் தினமும் போனோம், பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு ஏதாவது விசேஷத்துக்கு. ஆடி பிறந்தபோது ராஜகனி சோடா பழைய சுருக்கோடு வந்துவிட்டது, மூடியைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது, அம்மனும் ஒழுங்காக மலையேறுகிறாள். நேற்றுக்கூட அவர் கம்பெனிக்குப் போனேன். இன்றைக்குத் தண்ணீர்தான் கேட்பது, கேட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்காருவது என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டேதான் போனேன். வெயில் கடுமையாக இருந்தது. ஒரு சோடா குடித்தேன், இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன், ஏப்பம் விட்டேன், வந்துவிட்டேன்.